ஆறாத பெட்டி

லோடு அனுப்பும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன்.

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது. எட்டாவதுக்கு மேல் எனக்குப் படிப்பு இல்லை என்பது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. இதில் வருகிற ஓர் அம்மாளுக்கு, அவர் உயிரோடு இருக்கிறவரை நடந்ததை முழுசாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் பெயர் ஞானம்மாள். போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இனி நீங்க எழுதலாம். அம்மா பேரைப் போட்டே எழுதுங்க" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனே தவிர, ஊர் சும்மா இருக்கவில்லை. லாரி நடுரோட்டில் வெடித்துச் சிதறியது என்று ஒரு கதை. எரிகிற லாரிக்குள் நான் குதித்து டிரைவரை இழுத்துப் போட்டேன் என்று ஒரு கதை. முந்தின இராத்திரி சொப்பனத்தில் எனக்குத் தரிசனம் கிடைத்தது என்று எங்கள் சபையிலேயே ஒருவர் சாட்சி சொல்லிவிட்டார். நான் எதற்குள்ளும் குதிக்கவில்லை. சொப்பனமும் வரவில்லை. அன்றைக்கு முந்தின இராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

நடந்ததைச் சொல்லுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். திருத்தங்கல் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் குமாஸ்தா. எந்தச் சரக்கு எந்த லாரியில் எந்த ஊருக்குப் போகிறது என்பது என் பொறுப்பு. இன்றைக்கு லாரி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று உங்கள் கையில் இருக்கிற போனிலேயே ஒரு புள்ளியாகத் தெரிகிறது. அன்றைக்கு லாரி கேட்டைத் தாண்டிவிட்டால், அது எங்கே இருக்கிறது என்பது கடவுளுக்கும் டிரைவருக்கும் மட்டும்தான் தெரியும். டிரைவர் தூங்கிவிட்டால் கடவுளுக்கு மட்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. பூச்சட்டி மாதிரி மருந்து அடைத்த சரக்கை மேடையில் வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த சரக்கைச் சூட்டோடு பெட்டியில் அடைக்கக் கூடாது. உள்ளே கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தாலும் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் புழுங்கும், புழுங்கப் புழுங்க ஏறும். அதனால் தட்டோடு தூக்கி நிழல் ஷெட்டில் ஓர் இரவு ஆறப்போட வேண்டும். மறுநாள் காலையில் மேஸ்திரி ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்ப்பார். ஆறியிருந்தால் தட்டின் விளிம்பில் ஒரு பனையோலைத் துண்டைச் செருகுவார். ஓலை இருந்தால் பேக்கிங்குக்கு எடுக்கலாம், இல்லையென்றால் கை வைக்கக் கூடாது. வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் சீட்டு எழுதி ஒட்டிப் பயனில்லை. ஓலை எல்லோருக்கும் புரியும். எனக்குத் தெரிந்து அந்த ஓலை அதுவரைக்கும் ஒரு நாளும் தப்பானதில்லை.

ஞானம்மாள் காயவைக்கும் மேடையில் வேலை செய்தார். எங்கள் சபைதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் நான் அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய புருஷன் வேறொரு இடத்தில் மருந்து அறையில் வேலை பார்த்து, ஒரு விபத்தில் போய்விட்டார். அந்தத் துக்கத்தை அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தட்டைத் தூக்கும்போதெல்லாம் உதடு அசையும். ஜெபம்தான்.

அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறும் விஷுவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மலையாளத்துக்காரர்களுக்கு விஷுவுக்குப் பட்டாசு வேண்டும், அது எங்களுக்கு ஒரு சின்ன சீசன். கொல்லத்துக்கு ஒரு முழு லாரி ஆர்டர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கொடுத்த குருத்தோலையைச் சிலுவையாக மடித்து, ஞானம்மாள் திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். வெயிலில் வைத்த முதல் தட்டின் விளிம்பில் அதைச் செருகியிருக்கிறார். முதற்பலனை ஆண்டவருக்குப் படைப்பது மாதிரி, இந்த முதல் தட்டைப் போல எல்லாத் தட்டும் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஜெபித்துச் செருகியது. அவர் நினைப்பில் அது ஜெபம். பழக்கமான ஓலை அவருக்கு ஞாபகமே வரவில்லை. அந்த ஓலை எப்போதும் நிழல் ஷெட்டில்தான் இருக்கும், மேடையில் யாரும் பார்த்ததில்லை.

அன்று பரிசுத்த வாரக் கூட்டத்துக்காக அவர் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் மற்றவர்கள் தட்டுகளை, அந்த ஓலையோடேயே, நிழல் ஷெட்டுக்கு மாற்றினார்கள். மேஸ்திரி மத்தியானமே சாத்தூரில் ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். பேக்கிங்கில் இருந்த மாடசாமி, லோடு நிறைய இன்னும் ஒரு பெட்டி குறைகிறதே என்று ஷெட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு தட்டில் ஓலை. எடுத்தார், அடைத்தார், ஆணி அடித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெட்டியும் மற்றப் பெட்டிகளோடு லாரியில் ஏறியது. நான்தான் முன்னால் நின்று எண்ணி அனுப்பினேன். டிரைவர் சுடலைமுத்து கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய மச்சினன் பேச்சிதான் கிளீனர். பச்சைத் தார்பாயைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனார்கள்.

வெயில் ஏறின பிறகு ஞானம்மாள் என் மேசைக்கு ஓடிவந்தார். ஓடி என்றால் நிஜமாகவே ஓடி. பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது. அது தெரிந்த மனுஷி ஓடிவந்ததிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. கையில் அந்தக் குருத்தோலைச் சிலுவை.

"தம்பி, லாரி போயிருச்சா?"

"அப்பவே போயிருச்சே. ஏன்க்கா?"

"ஐயோ ஆண்டவரே!"

பின்னாலேயே மாடசாமி வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. "அண்ணாச்சி, ஓலை இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. சிலுவையா மடிச்சிருந்துச்சு. மேஸ்திரியும் உங்க வேதக்காரர்தானே, பண்டிகைன்னு இப்படி மடிச்சுச் செருகியிருக்காருன்னு நெனைச்சேன். சாமி காரியம், குப்பையில போட மனசு வரல. அலமாரியில எடுத்து வச்சேன். இந்தக்கா தேடி வந்து அதப் பாத்துட்டு, 'எம் ஓலை இங்கன எப்படி வந்துச்சு'ன்னு கேட்டாக."

அதோடு எல்லாம் புரிந்துவிட்டது. காலையில் வெயிலில் கிடந்த தட்டு, சாயங்காலமே பெட்டிக்குள் போயிருக்கிறது. அது இப்போது பங்குனி வெயிலில், தார்பாய்க்குள், ஒரு லாரி பட்டாசுக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கிறது.

ஞானம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். "மாடசாமி மேல தப்பு இல்ல தம்பி. நாந்தான் வச்சேன். வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி. நீங்க அந்த லாரியப் பிடிங்க."

முதலாளி விருதுநகர் போயிருந்தார், காரும் அவரோடு. தென்காசிக்கு டிரங்கால் போட்டால் லைன் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. கிடைத்தாலும் யாரிடம் சொல்லுவது? போலீசுக்குச் சொல்லலாம் என்று மாடசாமி சொன்னார். நானும் யோசித்தேன். அவர்கள் லாரியை எங்கே மறிப்பார்கள்? ஊருக்குள்ளே, ஸ்டேஷன் வாசலிலே. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கும், கடைத்தெரு இருக்கும். மறித்த லாரியைச் சுற்றிக் கூட்டம் கூடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலாளிக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டுத் தென்காசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஞானம்மாள் அந்த ஓலையை என் சட்டைப் பையில் திணித்தார்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். எங்கள் காலத்துப் போன், எதிரே வருகிற பஸ்தான். இரண்டு பஸ்ஸும் சந்திக்கும்போது வேகத்தைக் குறைத்து, டிரைவர்கள் தலையை நீட்டி நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். யார் வீட்டில் விசேஷம், எங்கே பாலத்தில் வேலை நடக்கிறது, எல்லாம் அப்படித்தான் ஊருக்கு ஊர் போகும். கண்டக்டரிடம், "எதுக்க வாறவங்ககிட்ட பச்சைத் தார்பாய் லாரியப் பாத்தீகளான்னு கேளுங்க" என்றேன்.

"என்ன அண்ணாச்சி, டிரைவரு லோடோட கம்பி நீட்டிட்டானா?"

"அதெல்லாம் இல்லப்பா. ஒரு பெட்டி மாறிப் போச்சு."

அதற்கு மேல் சொல்லவில்லை. பஸ் நிறைய ஆட்கள். ஒருவர் பயந்தால் எல்லோரும் பயப்படுவார்கள், பயந்த கூட்டத்தால் எனக்கு உதவி கிடைக்காது.

இராஜபாளையம் தாண்டி முதல் பஸ் வந்தது. லாரியைப் பார்க்கவில்லை என்றார்கள். இரண்டாவது பஸ்ஸும் அப்படியே. அந்த நேரத்தில் என் மனசு எங்கெல்லாம் போனது என்று எழுத முடியாது. லாரிக்குள் இருக்கிற இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குச் சொந்தம். சுடலைமுத்துவின் மனைவிக்கு ஒருவர் புருஷன், இன்னொருவன் தம்பி. ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு சேதி. "ஆண்டவரே, அவர்களை நிறுத்தும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன். எப்படி நிறுத்த வேண்டும் என்று அவருக்கு நான் யோசனை சொல்லவில்லை.

மூன்றாவது பஸ் டிரைவர் தலையை நீட்டிச் சிரித்தார். "பச்சைத் தார்பாயா? சந்தைமேட்டுல நிக்கான். பின் டயரு போயிட்டு. மச்சினன்காரனப் போட்டு ஏசிக்கிட்டு இருக்கான், சந்தையே வேடிக்கை பாக்கு!"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். டயர் பஞ்சரானதற்கு ஸ்தோத்திரம் சொன்ன டெஸ்பாட்ச் குமாஸ்தா நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் போய் இறங்கியபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அன்றைக்கு அந்த ஊரில் சந்தை கூடும் நாள். லாரி சந்தைக்கு நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் டீக்கடை அடுப்பு. இன்னொரு பக்கம் கருவாட்டுக்காரி குடை விரித்திருக்கிறாள். லாரி நிழலிலேயே ஒரு கிழவர் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். டயர் மாற்றி முடிந்து, பேச்சி ஜாக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

சுடலைமுத்துவைத் தனியே இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சொல்லாமல் சமாளிக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதுதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது அவன் உயிர்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையிலேர்ந்து எம் முதுகுக்குப் பின்னால அடுப்ப ஏத்தி அனுப்பிட்டு, இப்ப வந்து சுடுதான்னு கேக்கீகளா அண்ணாச்சி?"

"கோவப்படுங்க, வேண்டாங்கல. பெறகு கோவப்படுங்க."

பேச்சியின் காதிலும் விழுந்துவிட்டது. "அத்தான், நா ஓடிப்போய் போலீஸ்ல சொல்லட்டா?"

"சொல்லுலே, சொல்லு! சந்தைச் சனம் பூரா லாரியச் சுத்தி நின்னு பாக்கட்டும். மூளை பூராத்தையும் ஒங்க அக்கா எடுத்துக்கிட்டு, ஒன்ன வெறுங்கையோட எங்கூட அனுப்பிட்டா."

இங்கேயே இறக்குவதா, ஓட்டிக்கொண்டு போவதா? இறக்க ஆரம்பித்தால் கூட்டம் கூடும், அத்தனை பெட்டியையும் ஜனங்களுக்கு நடுவில் அடுக்க வேண்டியிருக்கும். ஓட்டினால், ஓட்டுகிற நேரம் முழுக்க ஆபத்து எங்களுக்கு. ஜனங்களுக்கு இருக்கிற ஆபத்தை நாங்கள் எடுத்துக்கொள்வதுதான் சரி என்று பட்டது. அது நாங்கள் அனுப்பிய சரக்கு. கோழிக்கூடைக் கிழவருக்கு அதில் என்ன சம்பந்தம்?

"பக்கத்துல ஆளில்லாத எடம் இருக்கா?"

"ரெண்டு கல்லு தள்ளி ஒரு கண்மாய் இருக்கு. காஞ்சு கெடக்கு. கரையில மருத மரமா நிக்கும்." பிறகு குரலை இறக்கினார். "நீங்க நடந்து வாங்க அண்ணாச்சி. பிள்ளைகுட்டிக்காரரு."

"நீங்க மட்டும் யாராம்?"

"அப்ப பேசாம ஏறுங்க."

பேச்சியைப் பின்னால் நடந்து வரச் சொன்னோம். அவன் கேட்கவில்லை. "எங்க அக்காவுக்கு நா என்ன பதில் சொல்ல?" என்று அவனும் ஏறிக்கொண்டான். மூன்று பேரும் உட்கார்ந்து போனோம். சுடலைமுத்து பள்ளத்தில் விடாமல் வண்டியைத் தொட்டில் மாதிரி கொண்டுபோனார். வாய்க்குள் கருப்பசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் எதைச் சொல்கிறார்கள் என்று இஞ்சின் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை.

கண்மாயில் ஈ காக்காய் இல்லை. நடுவில் ஒரு குட்டையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, மறுகரையில் ஆடுகள் மேய்ந்தன. தார்பாயை அவிழ்த்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக, தலையணையைத் தூக்குவது மாதிரி தூக்கி இறக்கினோம். மருத மர நிழலில், பெட்டிக்குப் பெட்டி ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விட்டு வைத்தோம். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

எல்லாப் பெட்டியும் சுட்டது.

சுடாமல் என்ன செய்யும்? காலையிலிருந்து வெயிலில், தார்பாய்க்குள் வெந்து வந்திருக்கிறது. மாடசாமி அடித்த ஆணிக்கும் இன்னொருவர் அடித்த ஆணிக்கும் வித்தியாசம் இல்லை. பெட்டிகளின் மேல் இருந்ததெல்லாம் ஒரே முத்திரை. சுடலைமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எல்லாமே சுடுதே அண்ணாச்சி! இதுல எதுன்னு கண்டுபிடிக்க? பேசாம பூராத்தையும் இங்கனயே விட்டுட்டுப் போயிருவமா?"

விட்டுவிட்டால் கொல்லத்துக்காரர்களுக்கு விஷு இல்லை, கம்பெனிக்கு அந்த வியாபாரிகள் இல்லை. தெரியாத பெட்டியோடு மறுபடி ஏற்றினால் மலைப் பாதையில் இந்த இரண்டு பேர். இரண்டுமே முடியாது.

என் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதற்கு முந்தின மாசம் எங்கள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து ஆஸ்பத்திரிக்கே போய், "பிள்ளைக்கு நெருப்பா காயுது" என்று நான் பதறினேன். அவள் பதறவில்லை. "வெயில்ல தூக்கிட்டு வந்திருக்கீக, சுடத்தான் செய்யும். நிழல்ல உக்கார வைங்க. பெறகு தொட்டுப் பாத்தாதான் காய்ச்சலா வெயிலான்னு தெரியும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை உடம்பு ஆறிவிட்டது, எழுந்து விளையாடப் போய்விட்டான்.

மருத மரத்தடியில் நிற்கும்போது அவள் குரலே காதில் கேட்டது மாதிரி இருந்தது. ஆண்டவர் எனக்குத் தரிசனம் கொடுக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? ஒரு நல்ல நர்ஸை மனைவியாகக் கொடுத்திருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"இருங்க. ஆறட்டும். வெயில் சூடுன்னா நிழல்ல எறங்கிரும். உள்ளருந்து வாற சூடு எறங்காது."

இருந்தோம். சுடலைமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருட்டுவதற்கு முன்னால் மலை ஏற வேண்டும். முதல் சுற்றுத் தொட்டுப் பார்த்தபோது பெட்டிகளில் சூடு கொஞ்சம் குறைந்திருந்தது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எல்லாம் நல்ல சரக்குதான். ஏத்திருவோம்" என்றார். எனக்கும் அப்படி நம்ப ஆசையாகத்தான் இருந்தது. பிள்ளைகளே, நம் வேலையில் ரொம்ப ஆபத்தான நேரம் அதுதான். எதுவும் நடக்கவில்லை, எல்லோருக்கும் அவசரம், நாமும் களைத்துப்போயிருக்கிறோம்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

மலைப் பக்கத்திலிருந்து காற்று வர ஆரம்பித்தது. மருத இலைகள் சலசலத்தன. இரண்டாவது சுற்றில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். நர்ஸ்மார் அப்படித்தான் தொடுவார்கள். வரிசையாக ஒவ்வொரு பெட்டியும் ஆறிக்கொண்டு வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெட்டிமேல் கை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். முதலில் தொட்டதைவிடச் சூடு அதிகம்.

"இதுதான்."

பேச்சி பாய்ந்து வந்தான். "தூக்கி அந்தக் குட்டைத் தண்ணிக்குள்ள போட்டுருவோம் அண்ணாச்சி!" என்று குனிந்தே விட்டான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அதத் தொடாத. மத்தத எல்லாம் தூக்கு."

அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. கெட்டதை அப்புறப்படுத்தத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆனால் அதைத் தூக்குகிறவன் அதை நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். நல்ல பெட்டிகளைத் தூக்கிப் போவதில் ஆபத்து இல்லை. மற்றப் பெட்டிகளை லாரியில் ஏற்றி, லாரியைக் கரையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனோம். மரத்தடியில் அந்தப் பெட்டி மட்டும் தனியே இருந்தது.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சுடலைமுத்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு பெட்டியின் மூலையில் வெள்ளையாக ஒரு புகை வந்தது, அடுப்பு மூட்டுகிறபோது வருமே அந்த மாதிரி. பலகை கறுத்தது. அப்புறம் உள்ளே இருந்த பூச்சட்டிகள் ஒவ்வொன்றாகப் பொரிந்து பூத்தன. ஊரார் சொல்கிற வெடிச் சத்தமெல்லாம் இல்லை. புஸ் என்ற சத்தம்தான். பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்தப் பொறிகூடச் சரியாகத் தெரியவில்லை. மறுகரையில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. மருத மரத்தில் ஒரு கிளை கருகியது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை.

அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து அழுதோம். முதலில் பேசினது சுடலைமுத்துதான். "அண்ணாச்சி, நம்ம விஷு இங்கனயே முடிஞ்சிட்டு." பிறகு பேச்சியின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். காலையிலிருந்து அவனை ஏசிக்கொண்டிருந்த மனுஷர்.

லாரி ஒரு பெட்டி குறைவாகக் கொல்லம் போய்ச் சேர்ந்தது. நான் பஸ் பிடித்து வீடு திரும்பினேன். வாசலிலேயே என் மனைவி என் நெற்றியில் புறங்கையை வைத்து, "என்னங்க, இம்புட்டுச் சுடுது?" என்றாள்.

"வெயில்ல வந்திருக்கேன். நிழல்ல உக்கார வச்சிட்டுத் தொட்டுப் பாரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம்.

மறுநாள் காலையில் முதலாளி ஷெட் வாசலில் எல்லோரையும் கூப்பிட்டார். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். அதிகம் பேச மாட்டார்.

"ஓலைய வச்சது யாரு?"

மாடசாமி வாயைத் திறப்பதற்குள் ஞானம்மாள் முன்னால் வந்துவிட்டார். "நாந்தான் ஐயா."

"நீ வச்சது வேற யாருக்கும் தெரியாது. பேசாம இருந்திருந்தா ஒம் பேரே வெளிய வந்திருக்காது. ஏன் வந்து சொன்ன?"

ஞானம்மாள் முதலாளியை நேராகப் பார்த்தார். "எம் புருஷன் செத்த அன்னிக்கு, காலையிலேயே மருந்துல ஏதோ கோளாறுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு ஐயா. வேலை போயிருமேன்னு அவரு சொல்லல. அந்த டிரைவரு பொண்டாட்டிய எனக்குத் தெரியாது. ஆனா அவுகளும் எங்கனயோ சோத்துக்கு உலை வச்சுக்கிட்டுத்தானே இருந்திருப்பாக."

முதலாளி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சட்டைப் பையிலிருந்து குருத்தோலையை எடுத்து நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி ஞானம்மாளிடம் கொடுத்தார்.

"இந்த ஓலைய வீட்டுல வையி தாயி. இங்கன ஒங் கைய வையி. இனிமே நீ தொட்டுப் பாத்து ஆறிருச்சுன்னு சொல்லாம எந்தத் தட்டும் வெளிய போகக் கூடாது."

அன்றோடு பனையோலைப் பழக்கம் நின்றது. அதற்குப் பதில் நீலத் துணி வந்தது. அதைக் கட்டுகிற கை ஞானம்மாளுடைய கை. அவர் வேலையிலிருந்து ஓய்கிறவரை அப்படியே நடந்தது. ஆறவில்லை என்று அவர் சொன்னால், எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் லாரி காத்துக்கிடக்கும். நான்தான் வியாபாரிகளுக்குப் பதில் சொல்லுவேன், சந்தோஷமாகச் சொல்லுவேன்.

அன்று சாயங்காலம் அவர் என்னிடம் கேட்டதுதான் அந்த வாக்கு. "ஓலை விஷயத்த வெளிய சொல்லாதீக தம்பி. ஜெபம் பண்ணி வச்ச ஓலையாலதான் தீப்பிடிச்சுச்சுன்னு பேசுவாக. ஆண்டவர் பேருக்கு இழுக்கு." அன்றைக்குச் சரி என்றேன். இன்றைக்கு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. ஓலையால் தீப்பிடித்ததா, ஓலையால் தப்பித்தோமா என்று எனக்குத் தெரியாது. அந்த ஓலையைத் தேடிப் போனதால்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது என்பது மட்டும் தெரியும். ஜெபம் பண்ணின மனுஷி, தப்பு என்று தெரிந்தவுடனே தன் பிழைப்பைப் பார்க்காமல் ஓடிவந்தார். அதைவிட ஆண்டவர் பேருக்கு வேறு என்ன மகிமை வேண்டும்?

உங்களிடம் இப்போது நல்ல நல்ல கருவிகள் இருக்கின்றன. சந்தோஷம். ஆனால் பெட்டிக்குள்ளே என்ன புழுங்குகிறது என்பதை அந்தப் புள்ளி காட்டாது. அதை ஒரு மனுஷர் வந்து சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்ல வருகிறவர் உங்கள் மேசைக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்பார். முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது இப்படியே சொல்லுங்கள். லாரியை வெடிக்க வைக்காதீர்கள், என்னைத் தீக்குள் குதிக்க வைக்காதீர்கள், சொப்பனம் ஒன்றும் சேர்க்காதீர்கள். பட்டப்பகலில் ஒரு பெட்டி புஸ் என்று அணைந்தது, ஆடுகள் மேய்ந்தன, இரண்டு பேர் வீடு திரும்பினார்கள். அதை அப்படியே சொன்னால் போதும். ஞானம்மாள் ஓடிவந்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள்.